படகு திரும்பி வரக்கூடாது: சிறுவர் சாகசக் கதைல நெசமான ஆபத்தை எழுதுறது எப்படி

சிறுவர் சாகசக் கதை எழுத உக்கார்றவங்கள்ல முக்கால்வாசி பேர் மொத அத்தியாயத்துலயே உலகத்தைக் காப்பாத்த கெளம்பிடுறாங்க. மந்திரக்கல்லு, வில்லன், நாலு பசங்க, ஒரு நாயி, உலகம் அழியப்போகுது. பத்து வயசு புள்ளைக்கு உலகம் அழியுறதெல்லாம் ஒரு விஷயமே இல்லைங்க, அது அழியாதுன்னு அதுக்கு மொதல் பக்கத்துலயே தெரியும், ஏன்னா புக்கு இன்னும் நூறு பக்கம் இருக்கு. ஆனா அம்மாவோட படகு சாயங்காலம் வரல, பக்கத்து வீட்டு அத்தை கண்ணைப் பாத்து பேசமாட்டேங்குறாங்கன்னு எழுதிப் பாருங்க, படுத்துக்கிட்டு படிக்கிற புள்ள எந்திரிச்சு உக்காரும்.

நான் அப்படி ஒரு கதை எழுதி மூணு தடவை கிழிச்சுப் போட்டு நாலாவது தடவை ஓரளவுக்கு உருப்படியா வந்துச்சு, அந்த அனுபவத்தை வெச்சுதான் இதை எழுதுறேன். நான் பெரிய எழுத்தாளர்லாம் இல்ல, ஆனா தப்பு நெறைய பண்ணியிருக்கேன், அது உங்களுக்கு பிரயோஜனப்படும்.

கதை இதுதான். பாம்பன் பக்கத்துல ஒரு கடலோர ஊரு. ரோசிக்கு 11 வயசு, தம்பி டோனிக்கு 6. அம்மா கடல்பாசி எடுக்கப் போறவ. மன்னார் வளைகுடாவுல ராமேஸ்வரம் பக்கத்துலேர்ந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு இருக்கு, 1986ல அதை தேசிய கடல் பூங்காவா அறிவிச்சாங்க, அதுக்கப்புறம் தீவு பக்கம் போறதுக்கு வனத்துறை தடை. ஆனா தலைமுறை தலைமுறையா அங்க முங்கி பாசி எடுத்துப் பொழச்ச பொம்பளைங்க வேற எங்க போவாங்க, வெரல்ல துணி சுத்திக்கிட்டு கண்ணாடி மாட்டிக்கிட்டு பயந்து பயந்து போயிட்டுதான் இருக்காங்க. இது நான் கற்பனை பண்ணதில்ல, அங்க நடக்குறது. கற்பனை இதுக்கு மேலதான்: ஒரு நாள் வனத்துறை ரோந்து வருதுன்னு படகு அவசரமா கெளம்பிடுது, ரோசியோட அம்மா தீவுலயே மாட்டிக்கிறா. ஊர்ல யாரும் வாய் தொறக்கல, சொன்னா படகைப் புடிச்சிடுவாங்க, அந்தப் படகை நம்பி ஏழு குடும்பம் இருக்கு.

இப்ப பாருங்க, இதுல வில்லனே இல்ல. வனத்துறைக்காரர் அவர் வேலையப் பாக்குறாரு, பவளப்பாறைய காப்பாத்தணும்கிறதும் நியாயம்தான். படகு ஓட்டுனவர் கெட்டவர் இல்ல, பயந்தவர். பக்கத்து வீட்டு அத்தைக்கு மூணு புள்ளைங்க. எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கு, அதுக்கு நடுவுல ஒரு 11 வயசு பொண்ணு முடிவெடுக்கணும். பெரியவங்க விஷயம்னு நாம சொல்றது ரத்தமோ கெட்ட வார்த்தையோ மட்டும் இல்ல, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குற எடத்துல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டி வர்றதுதான் நெசமான பெரியவங்க விஷயம்னு நான் நெனைக்கிறேன்.

எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதுங்க. இந்தக் கதை முடியுறப்போ எது போனா திரும்பி வராது? உசுரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. படகா இருக்கலாம், சிநேகிதமா இருக்கலாம், அப்பா மேல வெச்சிருந்த மரியாதையா இருக்கலாம். பதில் ஒண்ணும் இல்லன்னா உங்ககிட்ட இருக்கறது சாகசம் இல்ல, சுற்றுலா. என் கதைல பதில்: படகும், அத்தையும். அம்மா பொழச்சுக்குவா, ஆனா ரோசி வனத்துறைகிட்ட போய் விஷயத்தைச் சொன்னதால படகு போயிடும், அத்தை அதுக்கப்புறம் அவகூட பேசமாட்டாங்க.

இதை ஒரு பத்திரிக்கைக்கு அனுப்புனேன், பேரு வேண்டாம், அங்க ஒருத்தர் போன்ல ரொம்ப அன்பா பேசிட்டு கடைசில "சார் படகு திரும்பி கிடைச்சிடுற மாதிரி வெச்சுக்கலாமே, இல்லன்னா எல்லாமே ரோசி கண்ட கனவுன்னு முடிச்சுடலாமே"ன்னாரு. கனவாம்! புள்ளைங்க கனவு முடிவை எவ்வளவு வெறுக்கும்னு தெரியுமா, நூறு பக்கம் பயந்துக்கிட்டு கூடவே வந்தவனை நடு ரோட்ல எறக்கி விட்ட மாதிரி. நான் மாத்தல, அவங்க போடல.

"புள்ளைங்க தாங்காது"ன்னு சொல்றவங்களுக்கு நான் கேக்குறது, நம்ம பாட்டிங்க நல்லதங்காள் கதை சொன்னது யாருக்கு? ஏழு புள்ளைங்களையும் கெணத்துல போட்டுட்டு தானும் விழுற கதை, அதுல ஒரு புள்ள கெஞ்சுற எடம் வரும், திண்ணைல படுத்துக்கிட்டு அஞ்சு வயசுல கேட்டு அழுதிருக்கோம், மறுநாள் திரும்பவும் அதையே சொல்லச் சொல்லி கேட்டோம். ஆனா அதுக்காக எதை வேணா எழுதலாம்னு நான் சொல்லல, பாட்டி பக்கத்துல இருந்தா, கை மேல கை இருந்துச்சு, நம்ம புக்குல அது கிடையாது. அந்தக் கையை வரிக்குள்ள வெக்கிறதுதான் நம்ம வேலை.

எந்த வயசுக்கு எழுதுறீங்கன்னு மொதல்ல முடிவு பண்ணிக்கங்க, ஏன்னா சாவுன்னா என்னன்னு எல்லா வயசுலயும் ஒரே மாதிரி புரியாது. மரியா நாஜ்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1948ல வெளியான அவங்க கட்டுரைப்படி, ஹங்கேரில 3லேர்ந்து 10 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்ககிட்ட பேசி, படம் வரையச் சொல்லி பாத்தாங்க. 5 வயசுக்கு கீழ உள்ளதுங்களுக்கு சாவுங்கறது ஊருக்குப் போற மாதிரி, தூங்குற மாதிரி, திரும்பி வரலாம். அதுக்கு மேல ஒரு கட்டத்துல சாவு ஒரு ஆளு, வந்து புடிச்சுக்கிட்டுப் போறவன், ஓடுனா தப்பிக்கலாம். 9 வயசு வாக்குலதான் எல்லாருக்கும் வரும், தப்பிக்க முடியாதுன்னு புரியுதுன்னாங்க. அப்புறம் வந்த ஆராய்ச்சிங்க இன்னும் சின்ன வயசுலயே, 5லேர்ந்து 7க்குள்ளயே நெறைய புரிஞ்சிடுதுன்னு சொல்லுது, ஆனா எழுதுறவங்களுக்கு அந்தப் பழைய வரிசை ரொம்ப உபயோகம். என் கதைல டோனிக்கு 6 வயசு, அம்மா வரலன்னதும் அவன் அழல, அம்மாவோட தட்டை எடுத்து வெச்சு சோத்தை மூடி வெக்கிறான். ரோசிக்கு 11, அவளுக்குத் தெரியும். ஒரே வீட்ல ஒரே ராத்திரி ரெண்டு புள்ளைங்களுக்கு ரெண்டு விதமா விடியுது, நான் வேற எதுவும் விளக்கவே தேவைப்படல.

அடுத்தது ஆபத்தோட விதி. பயமுறுத்தணும்னா சத்தம் வேண்டாம், விதி வேணும், அதுவும் முன்னாடியே சொல்லி வெச்ச விதி. என் கதைல ஒரு தெர்மாகோல் தெப்பம் வருது, அந்தப் பக்கம் கரையோரம் மீன் புடிக்க சிலபேர் வெச்சிருப்பாங்க, ஒருத்தர் உக்காந்து துடுப்பு போடலாம், அவ்வளவுதான் தாங்கும். மொத அத்தியாயத்துல ரோசியும் டோனியும் ரெண்டு பேரும் ஏறி உக்காந்து தெப்பம் கவுந்து மூக்குல தண்ணி ஏறி சிரிச்சு உருளுறாங்க, ஒரே கூத்து. படிக்கிற புள்ளைக்கு அது காமெடி. ஏழாவது அத்தியாயத்துல ரோசி தெப்பத்துல தீவுக்குப் போயிடுறா, அம்மாவைப் பாத்துடுறா, பாத்த சந்தோஷம் நாலு வரி இருக்கும், அப்புறம் திரும்பிப் பாக்குறா, தெப்பம் ஒண்ணு, ஆளு ரெண்டு. நான் அங்க ஒரு வார்த்தை சொல்லல. வாசிச்சுக் காட்டுனப்ப ஒரு பையன் "ஐயய்யோ கவுந்துடுமே"ன்னு கத்துனான், விதி அவனுக்கு ஏற்கனவே தெரியும். விதிய சிரிப்புல சொல்லி வைங்க, பயத்துல வசூல் பண்ணுங்க.

நெசமா நடந்த ஒண்ணை வெச்சு பாடம் படிக்கணும்னா தாய்லாந்து குகை விஷயத்தை எடுத்துக்கங்க. 2018 ஜூன் 23, வடக்கு தாய்லாந்துல சியாங் ராய் பக்கம் தாம் லுவாங் குகைக்குள்ள 12 பசங்களும் அவங்க ஃபுட்பால் கோச்சும் போனாங்க, பசங்களுக்கு 11லேர்ந்து 16 வயசு. மழை, தண்ணி ஏறிடுச்சு, வழி அடைச்சிடுச்சு. குகை வாசல்ல போர்டு இருந்துச்சு, ஜூலைலேர்ந்து நவம்பர் வரைக்கும் வெள்ளம் வரும்னு. அவங்க போனது ஜூன்ல! நீங்க கதைல இப்படி எழுதுனா யாராவது "ரொம்ப செட்டப்பா இருக்கே"ம்பாங்க, ஆனா பாருங்க, பசங்க அடங்காம திமிரா போகல, போர்டு சொன்ன மாசத்துக்கு முன்னாடிதான் போனாங்க. நல்ல சாகசக் கதைல தப்பு இவ்வளவு சின்னதாதான் இருக்கணும், நாமளா இருந்தாலும் பண்ணியிருப்போம்னு தோணணும். சொல் பேச்சு கேக்காததால அடிபட்டான்னு எழுதாதீங்க, அது கதை இல்ல, பிரம்பு.

வாசல்ல சைக்கிளுங்க நின்னுச்சு, பசங்க இல்ல. இந்த ஒரு காட்சி போதும். ஒம்பது நாள் கழிச்சு ஜூலை 2 ராத்திரி ரெண்டு பிரிட்டிஷ் டைவர்ஸ் கண்டுபுடிச்சாங்க, வாசல்லேர்ந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ள. உலகமே கொண்டாடுச்சு. சினிமாவா இருந்தா அங்க முடிஞ்சிருக்கும், ஆனா கண்டுபுடிச்சதுக்கு அப்புறம்தான் நெசமான கஷ்டமே, எப்படி வெளிய கொண்டு வர்றது. ஜூலை 6ம் தேதி சமன் குனான்னு ஒருத்தர், கடற்படைலேர்ந்து வெளிய வந்தவர், தானா உதவிக்கு வந்தவர், உள்ள காத்து சிலிண்டர் வெச்சுட்டு திரும்பி வர்றப்ப எறந்துட்டாரு. 8, 9, 10ன்னு மூணு நாள்ல 13 பேரையும் மீட்டாங்க. பசங்களுக்கு அவரு எறந்தது தெரியாது. ஆஸ்பத்திரில கொஞ்சம் தேறுனதுக்கப்புறம்தான், டாக்டருங்க இப்ப சொல்லலாம்னதுக்கப்புறம்தான் சொன்னாங்க. பசங்க அழுதாங்க, அவரோட படத்தைச் சுத்தி எழுதி கையெழுத்து போட்டாங்க, அதுக்கப்புறம் 11 பசங்க அவரு பேருல கொஞ்ச நாள் இளம் பிக்குகளா இருந்தாங்க.

இதுலேர்ந்து எழுதுறவங்க எடுத்துக்க வேண்டியது என்னன்னா, விலை யாரோ கொடுத்தாங்க, அது பசங்ககிட்ட மறைக்கப்படல, ஆனா எப்ப சொல்றதுன்னு யோசிச்சு சொன்னாங்க, சொன்னதுக்கப்புறம் கைக்கு செய்ய ஒரு வேலை இருந்துச்சு. உண்மை, நேரம், ஒரு வேலை. உங்க கதைல யாராவது எறந்தா இந்த மூணையும் பாருங்க. நாம என்ன பண்றோம்னா, எறந்துட்டாருன்னு ஒரு வரி, அடுத்த வரில "ஆனால் அவர்கள் முன்னேறினார்கள்", அத்தியாயம் முடிஞ்சிடும். புள்ளைங்களுக்கு எரிச்சலா வர்றது சாவு இல்லைங்க, அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் பேசாம இருக்கறதுதான்.

இன்னொண்ணு, அந்தப் பசங்கள்ல மூணு பேருக்கும் கோச்சுக்கும் எந்த நாட்டு குடியுரிமையும் இல்ல, ஆகஸ்ட்ல கொடுத்தாங்க. குகைக்குள்ள போறதுக்கு முன்னாடியே அவங்க ஒரு குகைக்குள்ளதான் இருந்திருக்காங்க. உங்க கதைல வர்ற புள்ளைக்கும் சாகசம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு கஷ்டம் இருக்கட்டும், வட்டிக்காரன் வர்ற நாளு தெரிஞ்ச புள்ள வேற மாதிரி ஓடும்.

பெரியவங்கள எங்க அனுப்புறதுன்னு எல்லாரும் முழிப்பாங்க, ஏன்னா அப்பா அம்மா பக்கத்துல இருந்தா சாகசம் நடக்காது. சோம்பேறி வழி என்னன்னா பெரியவங்கள முட்டாளாக்குறது, போலீஸ்காரர் தொப்பைய தள்ளிக்கிட்டு தூங்குவாரு, வாத்தியார் காதுல விழாது. அதை விடுங்க. நெசத்துல பெரியவங்க ஏன் இல்ல? வேலை, கடன், சீக்கு, குடி, பயம். ரோசியோட அப்பா குடிப்பாரு. அதை நான் எப்படி எழுதுனேன்னா, ரோசிக்கு அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போடுற சத்தம் தெரியும். ஒரே தள்ளுல ஸ்டாண்டு விழுந்தா நல்ல நாள். மூணு நாலு தடவை இடிச்சா அவ டோனியக் கூட்டிக்கிட்டு பின்பக்கம் போயிடுவா. அவ்வளவுதான், குடின்னு ஒரு வார்த்தை இல்ல. வீட்ல அப்படி ஒரு சத்தம் கேக்குற புள்ள படிச்சா அதுக்கு நாம என்ன சொல்றோம்னு புரியும், கேக்காத புள்ளைக்கு அது ஒரு சைக்கிள், ரெண்டு பேருக்கும் கதை நகரும்.

இப்ப அடிபடுற காட்சி. என் மொத டிராஃப்ட்ல ரோசி அம்மாவைக் கண்டுபுடிக்கிற எடம் இப்படி இருந்துச்சு: "அங்கே ரத்த வெள்ளத்தில் அம்மா மயங்கிக் கிடந்தாள். 'அம்மா!' என்று அலறினாள் ரோசி. அவள் கண்களில் கண்ணீர் ஆறாகப் பெருகியது." படிச்சா எனக்கே கூச்சமா இருக்கு, ரத்தம் வெள்ளம், கண்ணீர் ஆறு, தீவைச் சுத்தி ஏற்கனவே கடல் வேற. நாலாவது டிராஃப்ட்:

"அம்மா பாறை மேல உக்காந்திருந்தா. ஒரு கால் தண்ணிக்குள்ள. ரோசி கிட்ட வந்ததும் அம்மா கேட்டது, 'தம்பி சாப்பிட்டானா?' கால்ல சுத்தியிருந்த துணி டோனிக்குத் தொட்டில் கட்டுன சேலை, நீலத்துல வெள்ளப் பூ. பூவெல்லாம் இப்ப வெள்ளையா இல்ல. ரோசி துணியப் பாக்காம அம்மா மூஞ்சியவே பாத்துக்கிட்டு, 'சாப்பிட்டான்மா'ன்னா. அவன் சாப்பிடல."

என்ன மாறுச்சுன்னு பாருங்க. காயத்தை காட்டல, துணியக் காட்டுனேன், அதுவும் தொட்டில் துணி. எவ்வளவு ரத்தம்னு படிக்கிற புள்ள தனக்குத் தாங்குற அளவுக்கு தானே நெனச்சுக்கும், 8 வயசு புள்ள கொஞ்சமா, 12 வயசு புள்ள நெறைய. அப்புறம் அந்தப் பொய். மொத தடவையா ரோசி அம்மாகிட்ட பெரிய மனுஷி மாதிரி பொய் சொல்றா, அவ வளந்துட்டான்னு நான் தனியா சொல்லவே வேணாம்.

எழுதவே கூடாதது எதுவும் இருக்கான்னா இருக்கு. தற்கொலைய எழுதுனா எப்படி பண்ணாங்கன்னு எழுதாதீங்க, எதால, எவ்வளவுன்னு எதுவும் வேண்டாம், அதை ஒரு தீர்வு மாதிரியோ தியாகம் மாதிரியோ காட்டவும் வேண்டாம், நல்லதங்காளை திரும்ப எழுதுறதா இருந்தாலும்தான். புள்ளைங்ககிட்ட தப்பா நடந்துக்குறவங்களப் பத்தி எழுதுனா அந்தச் செயலை எழுதாதீங்க, புள்ள யார்கிட்ட போய் சொல்லுச்சு, அந்த ஆளு நம்புனாரா இல்லையான்னு எழுதுங்க, மொத ஆளு நம்பலன்னா ரெண்டாவது ஆள்கிட்ட போற மாதிரி எழுதுங்க. புக்கு கடைசிப் பக்கத்துல 1098ன்னு குழந்தைங்க உதவி நம்பரைப் போட பதிப்பாளர்கிட்ட கேளுங்க, ஒரு வரி எடம்தான்.

சிரிப்பு வேணும், இதை மறந்துடாதீங்க. சோகமான சிறுவர் கதை எழுதுறவங்க ரொம்ப முக்கியமா மூஞ்சிய வெச்சுக்கிட்டு எழுதுவாங்க, தாங்காது. டோனி என் கதைல பயங்கரமான நேரத்துலதான் கேள்வி கேப்பான், வனத்துறை ஆபீஸ்ல அக்கா அழுதுக்கிட்டு நிக்குறப்ப "இந்த நாற்காலி சுத்துமா?"ன்னு.

எழுதி முடிச்சதும் பெரியவங்ககிட்ட கொடுத்து கருத்து கேக்காதீங்க, கேட்டா "நல்ல கருத்து இருக்கு"ம்பாங்க, அது சாபம். ஒரு எட்டு பத்து புள்ளைங்கள உக்கார வெச்சு சத்தமா வாசிங்க, தெருவுல, லைப்ரரில, எங்க கெடச்சாலும், பெத்தவங்ககிட்ட முன்னாடியே இதுல இதெல்லாம் வரும்னு சொல்லிடுங்க, அப்புறம் வாட்சப்புல சண்டை வராது. வாசிக்கிறப்ப புக்கைப் பாக்காதீங்க, கால்களைப் பாருங்க. ஆட்டிக்கிட்டே இருக்குற காலு எந்த எடத்துல நிக்குதோ அந்த எடம் வேலை செய்யுது. திரும்ப ஆட்ட ஆரம்பிச்சா அங்க வெட்டுங்க. யாராவது எந்திரிச்சுப் போய் அம்மா மடில உக்காந்தா நிறுத்துங்க, "இவ பொழச்சுக்குவாளா இல்லையா, இப்பவே சொல்லவா?"ன்னு கேளுங்க. சொன்னாலும் கதை கெடாது, முடிவு தெரிஞ்ச கதையத்தானே புள்ளைங்க நூறு தடவை கேக்குது.

முடிஞ்சதும் கேள்வி கேக்க விடுங்க, நீங்க கேக்காதீங்க. நான் மொத தடவை வாசிச்சப்ப எல்லாரும் படகைப் பத்தி கேப்பாங்கன்னு பதில் ரெடியா வெச்சிருந்தேன், ஏன் திருப்பித் தரல, கேஸ் என்ன ஆகும்னு. ஒருத்தரும் கேக்கல. கடைசி வரிசைல ஒரு பொண்ணு, ஒம்பது வயசு இருக்கும், கையைத் தூக்கி "அந்த அத்தை தண்ணி புடிக்க வர்ற குழாயும் ரோசி வர்ற குழாயும் ஒரே குழாயா?"ன்னா. ஆமா, தெருவுக்கு ஒரே குழாய்தான்னேன். "அப்ப தெனமும் பாத்துக்குவாங்களே"ன்னா. நான் வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தை எடுத்துப்போட்டு, கடலு, சூரியன், நம்பிக்கைன்னு இருந்த ஒண்ணரை பக்கத்தை அடிச்சுட்டு, அந்தக் குழாயடிய எழுதுனேன். ரோசி கொடத்தோட நிக்குறா, அத்தை வர்றாங்க, பேசல, ஆனா ரோசியோட கொடம் ரொம்பி வழியுறப்ப அத்தை கை நீட்டி குழாயை மூடுறாங்க.

அதுக்கு மேல ஒரு வரி எழுதிப் பாத்தேன், நிக்கல.